காவிரி வடிநிலத்தில் காலநிலை மாற்றம்: கூத்தாநல்லூர் வட்டாரம்

புவி வெப்பமடைவதால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல் சாகுபடியிலும் நீர்நிலைகளிலும் நேர்ந்துவரும் மாறுதல்களை இக்கட்டுரை கூறுகிறது. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே, வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் உள்ளது கூத்தாநல்லூர். மேட்டூர் அணையின் நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. வங்கக் கடலின் புயல்களும் இதற்கு எட்டும் தொலைவில்தான். மழையின் மொத்த அளவு கூடுவதையும் குறைவதையும்விட அது காலம் தவறிப் பெய்வதே இவ்வட்டாரத்து உழவர்களுக்குப் பெருங்கேடு.

நிலமும் பட்டமும்

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. கிழக்கே போகப் போக நிலம் தட்டையாகிறது. களிமண் நீரை எளிதில் உள்ளே விடாது. ஆகவே பாசன வாய்க்காலுக்கு நிகராக வடிகாலும் இங்கே உயிர்நாடி.

ஜூனில் ஆற்று நீர் வந்தால் குறுவை நெல் சாகுபடி. ஆடி, ஆவணியில் சம்பா விதைப்பு. குறுவை அறுத்த வயலில் ஐப்பசித் தாளடி. தை, மாசியில் அறுவடை. அறுவடைக்குச் சில நாள் முன்பே வயலில் தெளிக்கும் உளுந்தும் பச்சைப் பயறும் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். ஆனியில் ஆறு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, தையில் வெயில் என்ற மூன்றும் நாள் தவறாமல் வந்தால்தான் இந்த வரிசை நிற்கும்.

காரணங்கள்

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் கரியமில வாயு வெளியாகிறது. காற்றில் அது கூடினால் புவி வெப்பமடையும் என்று 1896இல் சுவீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் கணக்கிட்டார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மவுனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது அந்த வாயுவின் செறிவு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் 280ஆக இருந்த அது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரையான காலத்தில் ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால், பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. இடையில் வறண்ட நாட்கள் நீள்கின்றன. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993க்கும் 2017க்கும் இடையே ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் ஏறியது.

நெல் வயலுக்கும் புவி வெப்பமடைவதில் ஒரு பங்கு உண்டு. நீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் உலகெங்கும் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல் சாகுபடியிலிருந்து வருகிறது. ஆனால் தலைமுறைகளாக எரிபொருளைக் குறைவாகவே பயன்படுத்திய வடிநிலத்துச் சிறு உழவர்மீது இப்பழியைச் சுமத்துவது அறமாகாது.

வடிநிலத்தின் எல்லா இடர்களுக்கும் காலநிலை மட்டுமே காரணம் அல்ல. மாநிலங்களுக்கிடையிலான நீர்ப் பகிர்வு, மணல் அள்ளுதல், ஆழ்துளைக் கிணறுகள், ஆகாயத்தாமரை மூடிய வாய்க்கால்கள், தூர்ந்த வடிகால்கள் ஆகியவையும் சேர்ந்தே பயிரைக் கெடுக்கின்றன. வானிலையின் அடியை இவை இரட்டிப்பாக்குகின்றன.

வரலாறு

வெள்ளமும் வறட்சியும் வடிநிலத்துக்குப் புதியவை அல்ல. காவிரியின் கிளையான கொள்ளிடத்துக்கு மிகுதியாக ஓடிய நீரைக் காவிரிக்குத் திருப்ப, ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கினார். 1924இல் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. 1934இல் மேட்டூர் அணை நிறைவடைந்தது. 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவுள்ள அந்த அணையை ஜூன் 12இல் திறப்பது மரபாகி, குறுவைக்கு உறுதி தந்தது. 1952, 1977 ஆண்டுகளின் நவம்பர்ப் புயல்கள் நாகைக் கரையைத் தாக்கின.

கடந்த இரு பதிற்றாண்டுகளில் இடர்களுக்கிடையிலான ஓய்வு சுருங்கியது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழையில் வடிநிலமெங்கும் சம்பா மூழ்கியது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க இயலவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தென்னந்தோப்புகளைச் சாய்த்தது.

அதன்பின் காலம் தவறுதல் வேறு முகம் காட்டியது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழை, கதிர் முற்றி நின்ற சம்பாவைச் சாய்த்தது. 2022இல் அணையில் நீர் மிகுந்திருந்ததால் மே 24இலேயே நீர் திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது.

விளைவுகள்

பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைவதாகப் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தை மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிடும். மீட்ட நெல்லும் கொள்முதல் நிலையத்தின் 17 விழுக்காடு ஈரப்பத வரம்பில் சிக்கும். 2023 மழைக்குப் பின் ஒன்றிய அரசு வரம்பைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அறுவடைக்கு முன் தெளித்த உளுந்தும் அழுகிப்போகும்.

ஆற்றில் நன்னீர் குறையும்போது கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளேறி, கடைமடையின் மண்ணையும் நிலத்தடி நீரையும் உவர்ப்பாக்குகிறது. கூத்தாநல்லூர், கடல்கடந்து பொருளீட்டும் குடும்பங்கள் மிகுந்த ஊர். அந்த வருமானம் உள்ள வீடு ஒரு போகத்தின் இழப்பைத் தாங்கும். சுற்றுக் கிராமங்களின் குத்தகை உழவருக்கும் நடவுப் பெண்களுக்கும் அந்தத் தாங்கல் இல்லை. பட்டியல் சாதி மக்கள் பெரும்பாலும் நிலமற்ற கூலிகளாக இருப்பதால், நிலத்துக்குத் தரப்படும் நிவாரணம் அவர்களை எட்டாமலே போகிறது.

எதிர்கொள்ளல்

1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வடிநிலத்துக்கேற்ற ரகங்களை அளித்துவருகிறது. ஏறத்தாழ இரு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் இன்று சம்பாவுக்குப் பயன்படுகிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் விதைத் திருவிழா நடத்திய ‘நெல்’ ஜெயராமன் (மறைவு: 2018) நூற்றுக்கும் மேற்பட்ட மரபு ரகங்களை மீட்டார். உவரைத் தாங்கும் களர்ப்பாலையும் வறட்சியிலும் வெள்ளத்திலும் நிற்கும் காட்டுயானமும் மரபு ரகங்களைச் சேர்ந்தவை.

தேங்கிய நீர் மண்ணுக்குள் மறைந்தபின் மீண்டும் நீர் கட்டும் முறையும், செம்மை நெல் சாகுபடியும் நீரை மிச்சப்படுத்தி மீத்தேனையும் குறைக்கின்றன. ஆற்று நீர் தாமதமாகும் ஆண்டுகளில் புழுதியில் நேரடி விதைப்பு கைகொடுக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெண்ணாறு உபவடிநிலத்தில் பாண்டவையாறு, வெள்ளையாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வளவனாறு ஆகியவற்றின் கரைகளும் மதகுகளும் சீரமைக்கப்பட்டன.

மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டத்தை உழவர்கள் எதிர்த்தனர். அப்போராட்டத்துக்கு வலுவூட்டிய இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பரில் மறைந்தார். 2020இல் சட்டமன்றம் வடிநிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும். தவறிய பருவத்தைத் திருத்தாது. அதற்கு உலகம் எரிபொருள் பயன்பாட்டைக் குறைத்தாக வேண்டும். அதுவரை உழவரைக் காக்க வல்லவை கார்த்திகைக்கு முன் தூர்வாரிய வடிகால், வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தனித்தனியே கையிருப்பில் உள்ள விதை, நனைந்த நெல்லை உலர்த்தும் வசதி, நிலமற்றோரையும் கணக்கில் கொள்ளும் நிவாரணம் ஆகிய நான்கும்தான். இவற்றைச் செய்யும் பொறுப்பு அரசுக்கு உண்டு.