சீமைப் பரீட்சையும் கோழியாளத்தாரும்

படூரில் நம் பிள்ளைகள் உத்தியோகப் பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்குங்கால், அத்தகைய பரீட்சையொன்றை நம் ஜில்லாவாரொருவர் எதிர்த்த வரலாறு யாம் நினைத்தற்குரியது.

சிவில் சர்விஸ் போட்டிப் பரீட்சை 1855 முதல் இலண்டனிலேயே நடந்துவந்தது. இந்தியாவிலும் அதனை உடன்நடத்தவேண்டுமெனக் காமன்ஸ் சபை 1893-ல் தீர்மானித்தது. காங்கிரஸார் மகிழ்ந்தனர். கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனாரோ 3412 பேர் கையொப்பத்துடன் எதிர்மனு அனுப்பினார். பள்ளிக்கூட வாயிலையே காணாத ஜனங்கட்குப் போட்டி ஏது? முன்னரே கற்ற வகுப்பார் அதிகாரமனைத்தையுங் கொள்வரென்பது அவரச்சம். கோயமுத்தூரிற் பயின்றபோது, தங்குலம் வெளிப்படுமென்றஞ்சிச் சகமாணாக்கரோடு கூடாதொதுங்கியவரல்லரோ அவர்! மனு தகுமோவென்பதில் எம்முள்ளும் வாதமுண்டு. அச்சம் பொய்யென்போர் எவருமிலர்.

தீர்மானம் கிடப்பிற் கிடந்தது. 1922-ல்தான் இந்தியாவிற் பரீட்சை தொடங்கிற்று. மறுவருடம் சீனிவாசனார் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினரானார்.