நிற்க இடமில்லாத ஓவியம்

பெருமழை பெய்தால் திருவண்ணாமலையில் மலைப்பாறை மேல் வெள்ளைக் கோடு கோடாகத் தண்ணீர் இறங்கும். "டேய், அருவிடா!" என்று தெருவே போனோடு மொட்டைமாடிக்கு ஓடும். நானும் ஓடினவன்தான். 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்த பிறகு ஓடுவதில்லை. அருவிகளை ஓவியத்தில் மட்டும் பார்க்கிறேன், கோட் கம்பைல் ஆகும் இடைவெளிகளில்.

தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த சூட்டில், தெற்கே கிளம்பினார்கள். திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். 'ஓரியண்டல் சீனரி'யின் 144 படங்களில் அதுவும் ஒன்று. டேனியல்களின் படங்களில் நமக்கு நிற்க எப்போதும் ஒரு தரை உண்டு. மனிதர்கள் பெரும்பாலும் மலை எவ்வளவு பெரிசு என்று காட்டத்தான் வருவார்கள். லண்டன் வீட்டுச் சுவருக்கு அது போதும்.

1857இல் அமெரிக்கர் ஃபிரெடெரிக் எட்வின் சர்ச் 'நயாகரா'வில் அந்தத் தரையையே உருவிவிட்டார். இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். கீழ் விளிம்பு வரை தண்ணீர்தான். பார்க்கிறவர் குதிரைலாட அருவியின் உதட்டில், அந்தரத்தில் நிற்கிறார். நியூயார்க்கில் 25 சென்ட் டிக்கெட் வாங்கி மக்கள் அதைப் பார்த்தார்கள். என் 14 இன்ச் திரையிலேயே கால் கூசுகிறது.

டேனியல்கள் வரைந்த அதே பாபநாசத்துக்கு 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர் போனார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த வருடம். அந்த விஷயத்தில் அவரை என்னால் ஆதரிக்க முடியாது. அருவியருகே மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்த ஐயரும் மீளவில்லை. அவருக்கு வயது 44.

அவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' கதையிலும் ஒரு பெண் நீரில் மூழ்கித்தான் இறக்கிறாள். கதையைச் சொல்வது கரையில் நிற்கும் மரம். அதனால் நகர முடியாது, குதிக்கவும் முடியாது, பார்த்துக்கொண்டே நிற்கும். காலேஜில் படித்தபோது அதை வெறும் உத்தி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

போன கார்த்திகையிலும் மழை பெய்தது. கீழே தெருவில் சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு, வ.உ.சி. நகரில் இருக்கிற நண்பனுக்குப் போன் போட்டேன். "வீட்லதான்டா இருக்கோம், தண்ணி இன்னும் தெருவுக்கு வரல" என்றான்.