அன்னபூரணி

நெல்லியடியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள வல்வெட்டித்துறை, ஒரு காலத்திற் கப்பல் கட்டிய ஊர் என்பதை நம் இளைஞரிற் பலர் அறியார். பர்மாவின் அரிசி அவ்வூர்ப் பாய்க்கப்பல்களிலே வந்திறங்கியது. அவற்றுள் அன்னபூரணி தனிப்புகழ் வாய்ந்தது. வேப்பமரத்தாலான அதன் நீளம் 89 அடி. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பேர்ட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். வல்வை மாலுமிகள் செங்கடலும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக் சமுத்திரமும் கடந்து, 1938ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறைமுகத்திலே அதனைச் சேர்த்தனர்.

ஆனால் அங்கே சேர்ந்தபோது அதன் பெயர் அன்னபூரணி அன்று. வாங்கியவர் தம் மனைவியார் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று மாற்றிவிட்டார். காசு கொடுத்தவருக்கு அவ்வுரிமை உண்டு. அதில் நமக்குக் குறையில்லை. நம் குறையெல்லாம் நம்மவர் மீதே. கோயிலுக்கு ஒரு விளக்கு உபயஞ் செய்தாலும் பெயரைக் கல்லிலே வெட்டுவிக்கிறோம். மரந் தெரிந்தெடுத்த ஓடாவிமார், பாய்விரித்த தண்டையல்மார் பெயர்களோ பெரும்பாலும் முதியோர் வாய்ச்சொல்லிலேதான் நிற்கின்றன. அம்முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்திலே பழைய கப்பற் பத்திரமோ கணக்குக் கொப்பியோ கிடக்குமாயின், கறையான் அரிக்குமுன் எங்களிடங் காட்டுங்கள். பிரதி செய்துகொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம்.