பிள்ளைக் காம்பராவும் தாய்ப்பாலும்

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கமாக மலையேறும் வீதி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவை நோக்கிச் செல்கிறது. 1990களில் செய்தி சேகரிக்க அவ்வழியே சென்றபோது, தோட்ட லயமொன்றில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரைச் சந்தித்தேன். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர்.

"பால் குடுக்குற வரைக்கும் வயித்துல தங்காதுன்னு எங்க ஆத்தா சொல்லுச்சு. எனக்குத் தங்கிருச்சே, ஐயா" என்றார்.

அறியாமை என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உண்மையில் அறியாமை என்னுடையது.

குழந்தை உறிஞ்சும்போது எழும் நரம்புத் தூண்டல், தாயின் மூளையிலிருந்து சூலகத்துக்குச் செல்லும் கட்டளையை அடக்கி வைக்கிறது. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் இதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தனர்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தை முழுமையாக, அல்லது ஏறக்குறைய முழுமையாக, தாய்ப்பாலையே அருந்த வேண்டும். மூன்றும் பொருந்தினால் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இரவும் பகலும் அடிக்கடி பாலூட்டுவதே இதன் உயிர்நாடி. இடைவெளி நீண்டால் காவலும் தளர்கிறது.

அந்த இடைவெளியைத்தான் தோட்டம் நீட்டியது. விடிகாலையில் பெரட்டுக்குப் போகும் தாய், குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுச் செல்வாள். கொழுந்து மலை தொலைவில் இருந்தால், மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்கக் கூடையை நிரப்புவாள். அந்த மூதாட்டி கருவுற்றதற்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆயினும் ஆத்தாவின் சொல் பொய்யன்று. அது பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காத வாழ்க்கைக்குரிய சொல். தோட்டத்து மணிக்கணக்கு அதனை அறியாது.

1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைப் பின்னர் அச்சட்டம் உறுதிசெய்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்த 12 வார விடுமுறையோ, 2018இல்தான் எல்லாப் பிரசவங்களுக்கும் சமமாயிற்று.

ஆறு மாதம் கடந்தபின் தாய்ப்பாலை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. வேறு முறையை நாட வேண்டும். இதனை அந்த மூதாட்டிக்கு உரிய வயதில் எடுத்துச் சொல்ல ஒருவருமில்லை. என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.