கோரன்ட்டி: ஒரு மருத்துவமனைப் பெயரும் கொரோனா காலத்துத் தமிழும்

ஹைதராபாத் நல்லகுண்டாவிலுள்ள அரசு தொற்றுநோய் மருத்துவமனைக்கு ஏட்டில் உள்ள பெயர் சர் ரொனால்டு ராஸின் நினைவாக இடப்பட்டது. காய்ச்சல் மருத்துவமனை என்பது அதன் பொதுப்பெயர். ஆனால் நகரின் பழைய மக்கள் நாவில் அது இன்றும் ‘கோரன்ட்டி தவாக்கானா’தான். ‘தவாக்கானா’ உருது வழி வந்த சொல். ‘கோரன்ட்டி’ என்பது ‘குவாரண்டைன்’ என்ற ஆங்கிலச் சொல் தெலுங்கு நாவில் அடைந்த வடிவம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொற்றுநோயாளரை ஊருக்கு வெளியே பிரித்து வைக்கும் இடமாகத் தோன்றியது அந்த மருத்துவமனை. ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது; பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இச்சொல்லின் பொருள் மாற்றம் கவனிக்கத்தக்கது. 1377இல் ரகூசா நகரம் (இன்றைய துப்ரோவ்னிக்), கொள்ளைநோய் பரவிய பகுதிகளிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே காத்திருந்த பின்னரே நகருக்குள் நுழையலாம் என விதித்தது. அக்காலம் பின்னர் 40 நாளாயிற்று. வெனிசு மொழியில் நாற்பதைக் குறித்த சொல்லே குவாரண்டைனின் வேர். அப்படிக் காத்திருந்தவர்கள் நோயாளிகள் அல்லர். நோய் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாதவர்கள். ஹைதராபாத்திலோ அச்சொல் நோயாளிகள் படுத்திருக்கும் கட்டடத்தின் பெயராகிவிட்டது. ஐயத்திற்குரியவருக்கும் நோயுற்றவருக்கும் இடையிலிருந்த கோடு மக்கள் வழக்கில் அழிந்தது.

2020இல் இந்தக் கோடு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதை நோயின் இயல்பு விளக்குகிறது. 2003இல் பரவிய சார்ஸ் நோயில், அறிகுறிகள் தோன்றி முற்றிய பிறகே தொற்று பெரும்பாலும் பிறருக்குப் பரவியது. ஆகவே நோயாளியைக் கண்டறிந்து பிரித்து வைத்தலே அதைக் கட்டுப்படுத்தப் பெரிதும் உதவியது. அதே குடும்பத்துப் புதிய தீநுண்மி அப்படியில்லை. அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பேச்சின், மூச்சின் வழியே பரவியது. சிலரிடம் அறிகுறியே தோன்றவில்லை. எனவே நோயாளியைப் பிரித்தல் மட்டும் போதவில்லை. அவருடன் பழகியவரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. தொற்றியபின் அறிகுறி தோன்றப் பெரும்பாலும் 5 நாள், மிகுந்தால் 14 நாள் ஆகும் என்ற கணிப்பே அந்தக் காத்திருப்புக்கு 14 நாள் எல்லையைத் தந்தது.

தெலங்கானாவின் முதல் தொற்று 2020 மார்ச் 2 அன்று அறிவிக்கப்பட்டது. செகந்தராபாத் காந்தி மருத்துவமனை விரைவில் கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பரிசோதனைக் கணக்கில் வந்தவர்கள் உண்மையில் ஒரு சிறு பகுதியே. அவ்வாண்டு ஆகஸ்டில், இந்நகரின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் கழிவுநீரில் கலந்திருந்த தீநுண்மித் தடயங்களைக் கொண்டு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. ஏறத்தாழ 35 நாள் காலப்பகுதியில் நகர மக்களில் 6 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், அதாவது 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர், தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்பது அதன் முடிவு. அவர்களுள் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருந்ததையே அறியாதவர்கள்.

இங்கேதான் தமிழின் சிக்கல் எழுகிறது. நோயுற்றவரைப் பிரித்து வைப்பதற்கும், நோய் இருக்கலாம் என்ற ஐயத்தில் ஒருவரைக் காத்திருக்கச் செய்வதற்கும் நம் செய்தித்தாள்களும் அரசு அறிவிப்புகளும் பெரும்பாலும் ‘தனிமைப்படுத்துதல்’ என்ற ஒரே சொல்லையே ஆண்டன. ‘தனிமைப்படுத்தப்பட்டவர்’ என்றால் நோயாளியா, காத்திருப்பவரா? சொல் விடை தரவில்லை, அச்சம் தந்தது. சென்னையில் காத்திருப்போர் வீட்டுக் கதவுகளிலும் எச்சரிக்கைத் தாள்கள் ஒட்டப்பட்டன. தெருவின் பார்வையில் அவை நோய் வீடுகளாயின. இவ்வாறு தாள் ஒட்டும்படி நாங்கள் நெறிமுறை வகுக்கவில்லை என்று மத்திய அரசு உச்சநீதிமன்றத்தில் கூறியது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய ஆணை இன்றி மாநிலங்கள் தாள் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று நீதிமன்றம் கூறியது. அதற்குள் முதல் அலை தணியத் தொடங்கியிருந்தது.

‘சமூக விலகல்’ என்ற மொழிபெயர்ப்பு இதைவிடக் கூர்மையானது. ஊர்விலக்கு, சாதிவிலக்கு, வீட்டுவிலக்கு எனத் தமிழில் ‘விலக்கு’ சேர்ந்த சொற்கள் பலவற்றுக்குப் பின்னே ஒடுக்குமுறையின் வரலாறு இருக்கிறது. ஆறடி இடைவெளி என்ற உடலியல் அறிவுரை தீண்டாமையின் ஒலியோடு செவியில் விழுந்ததைப் பலரும் அப்போதே சுட்டிக்காட்டினர். ‘சமூக இடைவெளி’, ‘தனிநபர் இடைவெளி’ ஆகிய சொற்கள் பின்னர் வலுப்பெற்றன. ஆனால் 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கியது. அத்தகைய தடுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஒரு சொல்தான் இதற்குக் காரணம் என்பது என் வாதமன்று. தொற்றைக் குற்றமாகக் காணும் மனநிலையைத் தடுக்கவல்ல சொல் நம்மிடம் ஆயத்தமாக இல்லை என்பதே என் வாதம்.

1897ஆம் ஆண்டு இதற்குத் தக்க ஒப்புமை. பம்பாய்ப் பிளேக்கை ஒட்டி அவ்வாண்டு பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. அச்சமூட்டிய வீட்டுச் சோதனைகளின் விளைவாக, ஜூனில் புனேயின் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். ஒரே ஆண்டில் சட்டமும் அறிவும் கிடைத்தன. அவற்றை மக்களிடம் கொண்டுசேர்க்கும் மொழி மட்டும் கிடைக்கவில்லை. 2020இல் தெலங்கானாவும் தமிழகமும் கையிலெடுத்த சட்டங்களுள் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று.

ஆகவே என் முன்மொழிவு எளியது. நோயுற்றவருக்குத் ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல்லே இருக்கட்டும். ஐயத்திற்குரியவருக்குக் ‘காத்திருப்பு’ என்ற சொல்லை ஆள்வோம். ‘14 நாள் காத்திருப்பில் உள்ளார்’ என்பதில் குற்றச்சாட்டு இல்லை, முடிவுநாள் இருக்கிறது. கலைச்சொல்லாக்கத்தைப் பெருந்தொற்று வந்த பிறகு செய்ய இயலாது. மருத்துவம், மொழியியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறையினர் இப்போதே கூடிச் செய்ய வேண்டிய பணி அது. மாற்றுச் சொற்கள் உள்ளவர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் தொகுத்து வைக்கலாம்.