ஆரோக்கிய சேது: தனியுரிமைக் கேள்விகள் எழுந்தது ஏன்?

புதுடெல்லி: கொரோனா பெருந்தொற்றின் தொடக்கத்தில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய ‘ஆரோக்கிய சேது’ செயலியில் இருந்த தொடர்புத் தடமறியும் வசதி நிறுத்தப்பட்டுவிட்டதாகவும், அதன்மூலம் திரட்டப்பட்ட தகவல்கள் அழிக்கப்பட்டுவிட்டதாகவும் 2023 பிப்ரவரியில் மக்களவையில் தெரிவிக்கப்பட்டது. ஆனால், நோய்த்தொற்றைத் தடுப்பதற்காகக் குடிமக்களின் கைப்பேசியிலிருந்து அரசு எத்தகைய தகவல்களைப் பெறலாம், எந்தச் சட்டத்தின்கீழ் பெறலாம் என்ற விவாதம் அத்துடன் முடிந்துவிடவில்லை.

தேசிய தகவலியல் மையத்தின் சார்பில் 2020 ஏப்ரல் 2 அன்று வெளியிடப்பட்ட இச்செயலியை 13 நாள்களில் 5 கோடி பேர் பதிவிறக்கம் செய்தனர். பயனாளர் தமது பெயர், கைப்பேசி எண், வயது, பாலினம், தொழில், முந்தைய 30 நாள்களில் சென்றுவந்த வெளிநாடுகள் ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். அவருக்கென ஓர் அடையாள எண் வழங்கப்படும். செயலி உள்ள இரு கைப்பேசிகள் அருகருகே வரும்போது புளூடூத் வழியாக அந்த எண்கள் பரிமாறிக்கொள்ளப்படும். சந்திப்பு நிகழ்ந்த நேரமும் இடமும் உடன் பதிவாகும். இதுதவிர, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பயனாளரின் இருப்பிடம் ஜிபிஎஸ் மூலம் குறித்துவைக்கப்படும்.

இவை அனைத்தும் முதலில் கைப்பேசியிலேயே இருக்கும். தொற்று உறுதியானாலோ, சுயமதிப்பீட்டில் அளித்த பதில்கள் தொற்று வாய்ப்பைக் காட்டினாலோ மட்டுமே அரசின் சர்வருக்குச் செல்லும். கைப்பேசியில் 30 நாள்களிலும், சர்வரில் 45 நாள்களிலும், நோயுற்றவர் தொடர்பானவை குணமடைந்து 60 நாள்களிலும் நீக்கப்படும் என்று உறுதியளிக்கப்பட்டது.

இருப்பிடத் தகவல் சேகரிக்கப்பட்டதே எதிர்ப்புக்கு முக்கியக் காரணமாக அமைந்தது. இரவில் ஒருவர் தங்கும் வீடு, பகலில் பணிபுரியும் அலுவலகம், அவ்வப்போது செல்லும் மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் ஆகியவை ஒரு மாதத்துக்குத் தொடர்ந்து பதிவானால், பெயரே இல்லாவிட்டாலும் அவர் யார் என்று கண்டறிந்துவிட முடியும். ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் 2020 மே மாதம் கூட்டாக வெளியிட்ட தொழில்நுட்பமோ, இருப்பிடத்தைச் சேகரிக்காமல் புளூடூத்தை மட்டுமே பயன்படுத்தியது. அதில் அடையாள எண் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். தொற்றுள்ளவருடன் தொடர்பு ஏற்பட்டதா என்பதையும் மைய சர்வர் அல்ல, கைப்பேசியே ஒப்பிட்டுப் பார்க்கும்.

செயலி கட்டாயமாக்கப்பட்டபோது விவாதம் சட்டக் களத்துக்கு மாறியது. 2020 மே 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த உத்தரவில், அரசு மற்றும் தனியார் நிறுவன ஊழியர்கள் அனைவருக்கும் செயலி கட்டாயம் எனக் கூறப்பட்டது. உத்தரப் பிரதேச மாநிலம் நொய்டாவிலோ, செயலி இல்லாமல் வெளியே வந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவின்கீழ் நடவடிக்கை என்று காவல்துறை எச்சரித்தது. ஸ்மார்ட்போன் வாங்க வசதியில்லாத தொழிலாளி என்ன செய்வார் என்பதற்கு அந்த உத்தரவுகளில் விடையில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அந்த உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமெனில் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும், நடவடிக்கை தேவைக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும். ஆரோக்கிய சேதுவைப் பொறுத்தவரை நோக்கத்தை எவரும் மறுக்கவில்லை. சட்டம் எங்கே என்பதே கேள்வி. தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை வகித்த ஓய்வுபெற்ற நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா, செயலியைக் கட்டாயமாக்குவது முற்றிலும் சட்டவிரோதம் என்று கருத்து தெரிவித்தார்.

மே 11 அன்று தகவல் பகிர்வு நெறிமுறையை மத்திய அரசு வெளியிட்டது. தகவல்களை 180 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என அதில் வரையறுக்கப்பட்டது. ஆயினும் அதுவும் நிர்வாக உத்தரவே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. மே 17 உத்தரவில் ‘கட்டாயம்’ என்பது ‘இயன்றவரை’ என்று தளர்த்தப்பட்டது. மே 26 அன்று ஆண்ட்ராய்டு பதிப்பின் மூலநிரல் பொதுவெளியில் வைக்கப்பட்டது.

சட்டம் ஏதும் இல்லாத நிலையில், செயலி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் அரசுச் சேவைகளை எவருக்கும் மறுக்கக் கூடாது என்று 2020 அக்டோபரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பயனாளரின் தெளிவான ஒப்புதலின்றி அவரது தகவல்களைப் பிறருடன் பகிர்வதற்கு 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் தடை விதித்தது. செயலியை உருவாக்கியது யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு முறையான பதில் கிடைக்காததால், மத்திய தகவல் ஆணையம் அதிகாரிகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும் அந்த அக்டோபரில்தான்.

நோய்த்தடுப்புக்கெனப் பெற்ற தகவல் வேறு நோக்கங்களுக்குச் சென்றுவிடும் என்ற அச்சம் கற்பனையானதல்ல. தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும் என்று கூறப்பட்ட ‘டிரேஸ்டுகெதர்’ செயலியின் தகவல்களைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெற முடியும் என்று 2021 ஜனவரியில் சிங்கப்பூர் அரசு ஒப்புக்கொண்டது. ஒரு கொலை வழக்கில் அவை பயன்படுத்தப்பட்டதும் வெளியானது. கண்டனம் எழுந்ததால், 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம் என்று அடுத்த மாதமே அங்கு சட்டம் நிறைவேற்றப்பட்டது.

இந்தியாவில் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் 7-ஆவது பிரிவின்படி, கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவச் சேவை அளிப்பதற்காக ஒருவரது தகவலைக் கையாள அவரது ஒப்புதல் தேவையில்லை. பொது ஒழுங்கு உள்ளிட்ட காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கும் அதிகாரத்தை 17-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு வழங்குகிறது.