கேமில் நீங்கள் உருவாக்கிய கேரக்டரை நிஜத்தில் அணியலாமா? 'ஒரிஜினல் காஸ்ப்ளே' திட்டமிடுவது எப்படி?

'எல்டன் ரிங்' மாதிரியான கேமை முதன்முறை திறக்கும்போது பலருக்கும் அரை மணி நேரம் சண்டைக்கே போகாது. தாடை, மூக்கு, கண் நிறம், தழும்பு, முடி என்று கேரக்டரின் தோற்றத்தைச் செதுக்குவதிலேயே நேரம் போய்விடும். அதன்பிறகு பல மணி நேரம் அந்த உருவத்தோடுதான் விளையாடுகிறோம். அப்படி நாமே உருவாக்கிய கேரக்டரை உடையாகத் தைத்து அணிய முடியுமா? முடியும். ஆனால் பிரபலமான கேரக்டரின் உடையைச் செய்வதைவிட இதற்குத் திட்டமிடல் அதிகம் வேண்டும். ஏன், எப்படி என்பதைப் பார்ப்போம்.

காஸ்ப்ளே என்றால் என்ன?

காஸ்ட்யூம், ப்ளே என்ற இரு சொற்களின் சேர்க்கைதான் காஸ்ப்ளே. இந்தச் சொல்லை 1980களில் பத்திரிகையில் எழுதிப் பரவலாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த நோபுயுகி தகாஹாஷி. ஆனால் பழக்கம் அதற்கும் முந்தையது. 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன், மிர்ட்டில் டக்ளஸ் இருவரும் எதிர்கால உடை அணிந்து வந்தார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். ஓவியர் ஃபிராங்க் ஆர். பாலின் படங்களும் 1936ல் வெளியான 'திங்ஸ் டு கம்' திரைப்படமும் அவற்றுக்குத் தூண்டுதல். எந்த ஒரு கேரக்டரின் அச்சு அசல் நகலும் இல்லை. அதாவது, ஒரிஜினல் காஸ்ப்ளே நேற்று வந்த ஃபேஷன் இல்லை. தொடக்கமே அப்படித்தான்.

இந்தியாவில் காமிக் கான் 2011ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 2024 பிப்ரவரியில் வந்தது.

ஒரிஜினல் காஸ்ப்ளேயில் என்ன லாபம், என்ன சிக்கல்?

பிரபல கேரக்டரின் உடை அணிந்தால் 'அந்த கேரக்டர் இவ்ளோ கறுப்பா?', 'ஒல்லியா இருக்கணுமே' என்ற கமெண்ட்டுகள் சமூக வலைதளங்களில் வந்துவிடும். எந்த நிறத்திலும் எந்த உடல்வாகிலும் யாருடைய வேடத்தையும் போடலாம் என்பதுதான் காஸ்ப்ளே வட்டாரத்தில் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட நிலை. ஆனாலும் ஒப்பீடு நிற்பதில்லை. நீங்களே உருவாக்கிய கேரக்டரில் அந்த ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. கேமிலேயே உங்கள் நிறத்தையும் முக அமைப்பையும் வைத்து கேரக்டரை உருவாக்கலாம். தோலை வெளுப்பாகக் காட்டும் மேக்கப்பும் வேண்டாம், கறுப்பாகக் காட்டும் மேக்கப்பும் வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. பார்த்துச் செய்ய ரெடிமேட் படங்களும் இணையத்தில் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் விடை திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

படி 1: ஒரு வரி கதை

முதலில் துணிக்கடைக்குப் போகாதீர்கள். உங்கள் கேரக்டர் யார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எல்டன் ரிங்கில் 10 தொடக்க வகுப்புகள் உண்டு. வீரன், சாமுராய், ஜோதிடர், கைதி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. உங்கள் வரியும் அப்படி ஒரு தொழிலைச் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். அந்த கேமில் வரைபடம் முழுமையாகக் கையில் கிடைக்காது. துண்டு துண்டாகத் தேடி எடுக்க வேண்டும். அதை வைத்து 'சண்டை போடத் தெரிந்த, வரைபடம் வரைபவர்' என்று ஒரு கேரக்டரை யோசிக்கலாம். இந்த ஒரு வரியிலிருந்தே உடை வந்துவிடும்: நீண்ட மேலங்கி, முதுகில் வரைபடக் குழல், விரல்களில் மைக் கறை, வாள் பிடிக்கும் கைப்பக்கத் தோளில் மட்டும் கவசம். நிகழ்வில் 'இது யாருங்க?' என்று கேட்டால் சொல்லப்போகும் பதிலும் அதே வரிதான்.

படி 2: கேம் போலவே பகுதி பகுதியாகப் பிரியுங்கள்

எல்டன் ரிங்கில் கவசத்துக்கு நான்கு இடங்கள்: தலை, மார்பு, கை, கால். உங்கள் உடையையும் அப்படியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டியல் போடுங்கள்.

- வீட்டில் இருப்பது: பழைய பூட்ஸ், பெல்ட், பருத்தி பேன்ட்
- வாங்கி மாற்றுவது: மேலங்கிக்கான துணி, கையுறை
- புதிதாகச் செய்வது: தோள் கவசம், வரைபடக் குழல்

மூன்றாவது பட்டியலில்தான் நேரமும் பணமும் கரையும். முதல் முயற்சி என்றால் அதில் இரண்டு பொருட்களுக்கு மேல் வேண்டாம். கேமிலும் புது செட் முழுவதும் ஒரே நாளில் கிடைத்துவிடாது. இருப்பதை வைத்துத்தான் தொடங்குகிறோம். அங்கே போக் என்ற தையல்கார கேரக்டர், இருக்கும் உடையிலேயே சின்ன மாற்றம் செய்து கொடுப்பார். நமக்கு தெருமுனை டெய்லர் இருக்கிறார்.

நிறத்துக்கும் எல்லை வையுங்கள். மூன்று நிறம் போதும். ஒன்று அதிகமாக, ஒன்று துணையாக, ஒன்று அங்கங்கே. வரைபடக்காரருக்கு மண் பழுப்பு, கருநீலம், கொஞ்சம் செம்பு நிறம். வரைந்து பார்த்த படத்தை மொபைலில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பகுதிகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் எடுபடாது.

படி 3: ரெஃபரன்ஸ் ஷீட் தயாரியுங்கள்

இணையத்தில் படம் இல்லை என்ற சிக்கலுக்கு இதுதான் தீர்வு. கேமில் உங்கள் கேரக்டரை நிறுத்தி முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு ஸ்கிரீன்ஷாட்டுகள் எடுங்கள். கேமில் இல்லாத பகுதிகளை அதன்மேல் வரைந்து சேருங்கள். வரைய வராது என்றாலும் பரவாயில்லை, அம்புக்குறி போட்டு எழுதினால் போதும். டெய்லருக்கும் இதையே காட்டலாம். போட்டியில் கலந்துகொண்டால் நடுவருக்கும் இதையே கொடுக்கலாம்.

படி 4: முதலில் மாதிரி, பிறகு அசல்

விலை உயர்ந்த துணியில் நேரடியாகக் கத்தரி வைக்கக் கூடாது. காடா துணியில் மாதிரி தைத்துப் போட்டுப் பாருங்கள். கவசத்துக்கு, பழைய டி-ஷர்ட் அணிந்து அதன்மேல் டேப்பை ஒட்டி, வேண்டிய வடிவத்தை மார்க்கரில் வரைந்து வெட்டி எடுத்தால் உங்கள் உடம்புக்கே பொருந்தும் பேட்டர்ன் கிடைக்கும். வெட்டும்போது இன்னொருவர் உதவிக்கு இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர வேண்டிய பகுதிக்கு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டித் திருப்பிப் போட்டால் போதும்.

கவசம் எதில் செய்வது?

பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஈவிஏ ஃபோம். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் வண்ண மேட் இருக்கிறதே, அதே பொருள்தான். தோள், மார்பு போன்ற பெரிய பகுதிக்கு 10 மி.மீ., மற்றவற்றுக்கு 5 மி.மீ., ஓர வேலைப்பாட்டுக்கு 2 மி.மீ. தடிமன் வசதியாக இருக்கும்.

- வெட்டும் கட்டரின் பிளேடு புதிதாக இருக்க வேண்டும். மழுங்கினால் ஓரம் பிசிறு தட்டும்.
- ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்து, ஆறும்வரை பிடித்தால் வடிவம் நிற்கும்.
- ஒட்டுவதற்கு, செருப்பு ஒட்டப் பயன்படும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, சற்றுக் காயவிட்டு அழுத்த வேண்டும்.
- ஃபோம் பெயின்ட்டை உறிஞ்சிவிடும். முதலில் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து சில கோட்டிங் கொடுத்துக் காயவிட்டு, பிறகு அக்ரிலிக் பெயின்ட் அடியுங்கள்.
- கறுப்பு அடித்து அதன்மேல் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் வெள்ளி நிறம் தேய்த்தால் இரும்பு மாதிரியே தெரியும்.

கவனம்: இந்தப் பசையின் ஆவியும், ஃபோமைத் தேய்க்கும்போது வரும் தூசியும், சூடாக்கும்போது எழும் புகையும் உடலுக்குக் கெடுதல். மாஸ்க் கட்டாயம். மூடிய அறையில் வேண்டாம். மொட்டை மாடியில் செய்யுங்கள். பசை தீப்பிடிக்கும் என்பதால் அருகில் அடுப்பு, விளக்கு இருக்கக் கூடாது.

எடையும் வெப்பமும்

எல்டன் ரிங்கில் சுமை 70 சதவீதத்தைத் தொட்டாலே கேரக்டர் தடுமாறி உருளும். அதனால் விளையாடுபவர்கள் எந்தக் கவசத்தை விடுவது என்று கணக்குப் போடுவார்கள். நிஜத்திலும் அதே கணக்கு வேண்டும். ஃபோம் எடை குறைவுதான், ஆனால் காற்றுப் புகாது. உள்ளே வியர்வை உறிஞ்சும் பருத்தி உடை போடுங்கள். கவசத்தை வெல்க்ரோ, டிச் பட்டன், பக்கிள் வைத்து, நீங்களே தனியாகக் கழற்றும்படி அமையுங்கள்.

நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பு முழு உடையில் ஒரு மணி நேரம் வீட்டில் இருந்து பாருங்கள். உட்கார முடிகிறதா, படி ஏற முடிகிறதா, கழிப்பறைக்குப் போக முடிகிறதா, தண்ணீர் குடிக்க முடிகிறதா? ஒன்றுக்காவது 'இல்லை' என்றால் அந்தப் பகுதியை மாற்றுங்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை. மயங்கி விழுந்தால் நாள் முழுவதும் போச்சு.

விதிகளைப் படித்துவிட்டீர்களா?

சில காஸ்ப்ளே போட்டிகள் ஏற்கெனவே வெளியான கேம், காமிக்ஸ், திரைப்பட கேரக்டர்களை மட்டுமே ஏற்கும். சில, ஒரிஜினல் வடிவமைப்பையும் ஏற்கும். துணி வாங்கும் முன்பே இதைப் பாருங்கள். உலோகக் கத்தி, நிஜத் துப்பாக்கி போன்றவற்றுக்குப் பொதுவாக அனுமதி இருக்காது. பொம்மை ஆயுதத்தையும் நுழைவாயிலில் சோதிப்பார்கள். வாள் வேண்டும் என்றால் ஃபோமில் செய்து, பேருந்திலோ மெட்ரோவிலோ பைக்குள் மூடி எடுத்துச் செல்லுங்கள். திறந்து பிடித்தால் மற்ற பயணிகள் பயந்துவிடுவார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

முதல் உடை, வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே செய்கிறீர்கள் என்றால் எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

- வாரம் 1: ஒரு வரி கதை, ரெஃபரன்ஸ் ஷீட், பட்ஜெட்
- வாரம் 2: பொருள் வாங்குதல், காடா மாதிரி
- வாரம் 3, 4: துணி வேலை
- வாரம் 5, 6: கவசம், கைப்பொருள்
- வாரம் 7: பெயின்ட், ஒத்திகை
- வாரம் 8: ரிப்பேர் மட்டும்

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். நிகழ்வு நாளில் ஊசி நூல், பசை, டேப், சேஃப்டி பின் கொண்ட சின்னப் பையும் தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும். வரைபடக்காரர் என்றால் அந்தப் பையைக்கூட உடையின் ஒரு பகுதியாகவே தைத்துக்கொள்ளலாம்.